பிடி மண்ணும் லாரி மண்ணும்

(ஒரகடத்தில் நடந்த தொழிலாளர் கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தேரிக்காடு என்பதாகும். ஒரகடத்திலும், இருங்காட்டுக்கோட்டையிலும், ஸ்ரீபெரும்புதூரிலும் காரும் லாரியும் கண்ணாடியும் செய்து பிழைக்கின்ற உங்களிடத்தில், இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு மணற்காட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயந்தான். ஆனால் நீங்கள் வண்டிக்கு அடிக்கின்ற வெள்ளைப் பெயிண்டுக்கும், மின்சார வண்டியின் மோட்டாருக்குள் இருக்கின்ற காந்தத்துக்கும் தாய்வீடு அப்படிப்பட்ட மணல்தான். அன்றியும், உங்களில் எத்தனையோ பேர் அந்தப் பக்கத்து ஊர்களை விட்டு வந்துதான் இங்கு ஒரு அறைக்கு ஆறு பேராய்ப் படுத்துக்கிடக்கிறீர்கள். அங்கே மண்ணுக்குள் கோடி கோடியாய்ப் பொருள் கிடக்க, அந்த மண்ணிலே பிறந்தவன் பிழைப்புத் தேடி இங்கே வருவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றையப் பேச்சின் நோக்கம்.

நாம் சொல்லப்போவதை நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கேட்டுப் பார்த்து, யோசித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தேரி என்பது என்ன?

தேரி என்றால் செம்மணல் மேடு. தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், நாசரேத் முதலிய ஊர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் இந்த மேடுகள் இருக்கின்றன. அவற்றில் குதிரைமொழித் தேரி பேர்போனது. வெயில் நேரத்தில் அதில் கால் வைத்தவனுக்கு, பாலைவனம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது எப்படி உண்டாயிற்று? சாமி படைத்தது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாய் முடிந்துவிடும். ஆனால் ஒன்றும் விளங்காது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வருகின்ற காற்று, மலையாளத்துப் பக்கத்திலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியாகக் காய்ந்த காற்றாகப் பாய்ந்து வருகின்றது. அந்தக் காற்று மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு கிழக்கே போய்க் கடலுக்குப் பக்கத்தில் குவித்தது. பல ஆயிரம் வருஷங்களாக இது நடந்திருக்கின்றது. ஒவ்வொரு மணலின் மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதனால் மேடு முழுவதும் சிவப்பாய்த் தெரிகின்றது. இதே காற்றுத்தான் இன்றைக்கு முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றி மின்சாரம் கொடுக்கின்றது. மண்ணை வாரிப் போட்டு வயலை மூடின காற்றைப் பிடித்து மனிதன் வேலை வாங்குகின்றான். இதைச் செய்தது அறிவே தவிர மந்திரமல்ல.

தேரியில் பெய்கின்ற மழை ஓடுவதில்லை, மணலுக்குள் இறங்கிவிடுகின்றது. இறங்கின தண்ணீர் மேட்டின் ஓரங்களில் ஊற்றாய்க் கிளம்பித் தாழ்ந்த இடங்களில் தேங்கும். அதைத் தருவை என்று அந்தப் பக்கத்தார் சொல்லுவார்கள். ஆகவே, மேலே பாலைவனமாய்த் தெரிகின்ற அந்த மேடு சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியாயிருக்கின்றது. இதைப் பின்னால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே மனிதன் வாழ்ந்ததும் நேற்று இன்றல்ல. சிறு சிறு கல்லால் செய்த ஆயுதங்கள் அந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து 1956-ல் எழுதினார்கள். நம்முடைய புராணங்களும், நம்முடைய ஜாதிகளும் முளைப்பதற்கு முன்னமேயே அங்கே மனிதன் கல்லை உடைத்து ஆயுதம் செய்து வேட்டையாடித் தின்றிருக்கின்றான்.

பனையும் ஜனங்களும்

நெல் விளையாத அந்தப் பூமியில் ஜனங்களைக் காப்பாற்றினது பனைமரம். விடியுமுன் எழுந்து, முப்பது நாற்பது மரத்தில் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் ஏறி இறங்கிப் பாளை சீவிக் கலயம் கட்டினான் ஆண்பிள்ளை. அவன் இறக்கின பதநீரை விடிலியில் அடுப்பெரித்துக் கருப்பட்டியாகக் காய்ச்சி எடுத்தாள் பெண்பிள்ளை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எந்தக் கலாசாலையிலும் படிக்காத அந்த ஜனங்கள் இந்த ரசாயனத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

இப்படி உழைத்தவர்களுக்கு நம்முடைய சமூகம் கொடுத்த மரியாதை என்ன? மரமேறுகின்ற ஜாதி என்று கோவிலுக்கு வெளியே நிறுத்தினது. பக்கத்திலே இருந்த திருவிதாங்கூரில் அந்த ஜாதிப் பெண்கள் மார்பின்மேல் துணி போடுவதற்கே எத்தனையோ வருஷம் அடியும் உதையும் பட வேண்டியிருந்தது. கடைசியில் 1859-ல் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும், மேல்ஜாதிப் பெண்களைப் போல் போட்டுக்கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் போட்டார்! துணி போடுவதற்கும் நிபந்தனை போட்ட தேசம் நம்முடையது. அந்த ஜனங்கள் தங்கள் உழைப்பாலும், படிப்பாலும், ஒற்றுமையாலுமே மேலே வந்தார்களேயொழிய, எந்தத் தெய்வத்தின் கடாட்சத்தாலும் வரவில்லை.

பிடி மண்

நிற்க. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் தேரிக்குடியிருப்பு என்ற ஊரில் கற்குவேல் அய்யனார் கோவில் ஒன்று இருக்கின்றது. வருஷந்தோறும் டிசம்பர் மாத மத்தியில் அங்கே கள்ளர்வெட்டு என்ற திருவிழா நடக்கின்றது. திருடனைச் சாமி வெட்டினதாக ஒரு கதை. அதற்கு அடையாளமாகத் தேரியில் வைத்து ஒரு இளநீரை வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் பட்ட செம்மணலை ஆயிரக்கணக்கான ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு ஆளுக்கொரு பிடி அள்ளி முடிந்துகொண்டு போவார்கள். வீட்டில் வைத்தால் வீடு விருத்தியாகும்; கடையில் வைத்தால் வியாபாரம் பெருகும்; வயலில் போட்டால் விளைச்சல் கூடும் என்பது நம்பிக்கை.

தோழர்களே! அந்தப் பாமர ஜனங்களைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. வருஷத்துக்கொரு முறை சொந்தக்காரரைப் பார்ப்பதும், கூடி உண்பதும், பிறந்த மண்ணின்மேல் பாசம் வைப்பதும் தப்பென்று நாம் சொல்லவில்லை. திருடனை வெட்டின இடம் என்று கும்பிடுகின்றவர்கள், அதே மண்ணை யார் யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஏன் கேட்கவில்லை என்பதே நமது கேள்வி. பக்தன் பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தான். அவன் வீட்டில் ஒன்றும் விருத்தியாகவில்லை. பக்கத்துக் கடற்கரையில் வேறு சிலர் அதே ஜாதி மண்ணை லாரி லாரியாக எடுத்தார்கள். அவர்கள் வீடு விருத்தியாயிற்று. இரண்டு பேருக்கும் வித்தியாசம் என்ன? ஒருவன் மண்ணை நம்பினான். மற்றவன் மண்ணைத் தெரிந்துகொண்டான். இதுதான் வித்தியாசம்.

மணலுக்குள் என்ன இருக்கின்றது?

ஒரு காந்தக் கட்டியை எடுத்துத் தேரி மணலுக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள். சில கறுப்பு மணல்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கற்பூரம் கொளுத்த வேண்டியதில்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரிய ஆலைகளும் இந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. தண்ணீரில் சுழற்றிக் கனமான மணலையும் லேசான மணலையும் பிரிப்பது. பிறகு காந்தத்தாலும் மின்சாரத்தாலும் ஒவ்வொன்றாய்ப் பிரிப்பது.

பிரித்தால் கிடைப்பவை எவை? முதலாவது, இல்மனைட். அதிலிருந்து டைட்டானியம் வருகின்றது. டைட்டானியம் ஆக்சைடு என்கின்ற வெள்ளைப் பொடிதான் பெயிண்டுக்கும், காகிதத்துக்கும், பிளாஸ்டிக்குக்கும் வெண்மை கொடுப்பது. இரண்டாவது, கார்னெட். இது உப்புத்தாள் செய்யவும், இரும்புத் தகட்டைத் தண்ணீர் வேகத்தால் அறுக்கவும் உதவுகின்றது. மூன்றாவது, சிர்கான். பீங்கானுக்கும் ஓடுகளுக்கும் இது வேண்டும். நான்காவது, மோனசைட். இதில் அணுசக்திக்குப் பயன்படக்கூடிய தோரியம் இருக்கின்றது. அதோடு அரிய மண் உலோகங்கள் என்பவையும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான நியோடிமியத்திலிருந்துதான் மின்சார மோட்டாருக்குப் பலமான காந்தம் செய்கின்றார்கள். இந்தியாவின் கடற்கரை மணல், தேரி மணல் முதலியவற்றில் மோனசைட் மாத்திரம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டன் இருப்பதாகச் சர்க்கார் கணக்குச் சொல்லுகின்றது.

ஆகவே, எந்த மண்ணை ஒன்றுக்கும் ஆகாத மண் என்று சொன்னோமோ அந்த மண், உலகத்துக் கம்பெனிகள் நாக்கில் தண்ணீர் ஊறப் பார்க்கின்ற மண்ணாயிருக்கின்றது.

யார் எடுத்தார்கள்?

இதை முதலில் தெரிந்துகொண்டவன் நம்மவனல்ல. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன சாஸ்திரி, கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் கியாஸ் விளக்கின் வலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அதற்காக நம்முடைய மணல் கப்பலேறிற்று. 1914-ல் யுத்தம் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு அது மாறிற்று. பெர்லினிலும் லண்டனிலும் தெருவிளக்கு எரிந்தது. மணல் கொடுத்த கிராமத்தில் அகல் விளக்குத்தான் எரிந்தது.

சுயராஜ்யம் வந்த பிறகு 1950-ல் சர்க்காரே இந்தியன் ரேர் எர்த்ஸ் என்ற கம்பெனியை ஏற்படுத்திற்று. 1998-ல் தனி முதலாளிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. உரிமை பெற்ற இடம் ஒன்று, தோண்டின இடம் வேறு என்று புகார் கிளம்பி, 2013-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் கடற்கரை மணல் எடுப்பதைத் தடை செய்தது. 2019-ல் இந்தத் தொழிலைச் சர்க்கார் கம்பெனிகளுக்கு மாத்திரமே என்று மத்திய சர்க்கார் ஒதுக்கிற்று. 2025 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட், சட்டவிரோதமாக எடுத்த மணலுக்காக 5,832 கோடி ரூபாயை வசூலிக்க வேண்டுமென்றும், சி.பி.ஐ. விசாரிக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டது.

5,832 கோடி! தேரிக்குடியிருப்பில் பிடி மண் முடிந்துகொண்டு போனவர்கள் எல்லோரும் நூறு தலைமுறை மரமேறினாலும் இந்தத் தொகையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா? கள்ளனுக்குப் பதில் இளநீரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் இவ்வளவும் நடந்திருக்கின்றது. வந்து தடுத்தது அய்யனாரா? இல்லை. மனுப்போட்ட மனிதனும், கணக்குப் பார்த்த உத்தியோகஸ்தனும், தீர்ப்பெழுதின நீதிபதியுமே தடுத்தார்கள்.

தேரிக்குள்ளும் இந்தக் கை நீளாமலில்லை. 2007-ல் சாத்தான்குளம் பக்கத்தில் டைட்டானியம் எடுக்க டாட்டா கம்பெனியோடு சர்க்கார் ஒப்பந்தம் செய்தது. நிலம் போய்விடும், தண்ணீர் போய்விடும் என்று ஜனங்கள் எதிர்த்தார்கள்; திட்டம் நின்றுபோயிற்று. தேரி ஒரு தண்ணீர்த் தொட்டி என்று முன்னே சொன்னோமே, அந்த ஜனங்களுக்கு அது புஸ்தகத்திலிருந்து தெரிந்ததல்ல, கிணற்றிலிருந்து தெரிந்தது.

வெளிநாட்டு உதாரணம்

இது நம் தேசத்துக்கு மாத்திரம் உள்ள விஷயமல்ல. தென் அமெரிக்காவில் அட்டகாமா என்றொரு பாலைவனம் இருக்கின்றது. அங்கே வெடியுப்பு கிடைத்தது. வயலுக்கு உரமாகவும், பீரங்கிக்கு மருந்தாகவும் உலகம் முழுவதும் அது போயிற்று. அதற்காகச் சிலி தேசம் பெரு, பொலிவியா தேசங்களோடு 1879-ல் யுத்தமே செய்தது. அங்கு உப்பு வெட்டின தொழிலாளிக்குக் கூலி எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? பணமாக அல்ல, கம்பெனி அச்சடித்த வில்லைகளாக! அந்த வில்லை கம்பெனிக் கடையில் மாத்திரமே செல்லும். கடைக்காரன் சொன்னதே விலை. 1907-ல் இகீக்கே பட்டணத்துக்கு வந்து, கூலியைப் பணமாகக் கொடுங்கள் என்று கேட்டவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து ராணுவம் சுட்டுத்தள்ளிற்று.

பிறகு என்ன ஆயிற்று? ஜெர்மனியில் காற்றிலிருந்தே உரம் செய்யக் கண்டுபிடித்து 1913-ல் ஆலை வைத்தார்கள். பாலைவனத்து உப்புக்குக் கிராக்கி போயிற்று. ஹம்பர்ஸ்டோன் என்ற உப்பு நகரம் 1960-ல் மூடப்பட்டு ஆளில்லாத ஊராய்க் கிடக்கின்றது. 2005 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாம். சீமான்கள் போய் வேடிக்கை பார்க்கின்றார்கள்.

தோழர்களே! அவ்வளவு தூரம் போவானேன்? இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்து ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்களல்லவா? மண்ணை வெட்டுகின்ற தொழிலாயினும் சரி, யந்திரத்தை முடுக்குகின்ற தொழிலாயினும் சரி, கணக்கு முழுவதும் முதலாளி கையிலும், வியர்வை மாத்திரம் தொழிலாளி கையிலும் இருக்கின்ற வரையில் முடிவு இப்படித்தான் இருக்கும்.

இன்றைய ஆபத்து

இப்பொழுது இந்த விஷயம் அவசரமானதற்குக் காரணம் இருக்கின்றது. 2025 ஏப்ரலில் சீனா தேசம் அரிய மண் உலோகங்கள் சிலவற்றுக்கும், அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. இந்தியாவில் கார் செய்கின்ற கம்பெனிகள் எல்லாம் கலங்கிப்போயின. உடனே நம்முடைய மணலின் பேரில் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் மந்திரி இலாகா ஒரு உத்தரவு போட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் வெட்டுகின்ற திட்டங்களுக்கு ஊர் ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

இதை நன்றாய் யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின வருஷந்தான் கன்னியாகுமரி ஜில்லாவில் கிள்ளியூர் தாலூகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுப்பதற்கு மீனவ ஜனங்கள் திரண்டு எதிர்ப்புச் சொன்னார்கள். எதிர்ப்புச் சொல்லுகின்றார்கள் என்றால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமா, அல்லது கேட்பதையே நிறுத்திவிட வேண்டுமா? ஒரு காலத்தில், நீ கீழ்ஜாதி, உனக்கு வேதம் கேட்க உரிமையில்லை என்று சொன்னார்கள். இன்றைக்கு, நீ கிராமவாசி, உன் மண்ணைப் பற்றிப் பேச உனக்கு உரிமையில்லை என்கின்றார்கள். அதற்குச் சாஸ்திரம் என்று பெயர் வைத்தார்கள். இதற்குத் தேச நன்மை என்று பெயர் வைக்கின்றார்கள். பெயர் மாறினதே தவிர வாயை மூடுகின்ற கை மாறவில்லை.

மண்ணைத் தொடவே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். விஞ்ஞானத்தை வெறுப்பவர்களல்ல நாம். டைட்டானியமும் வேண்டும், காந்தமும் வேண்டும். அதுபோலவே பொய்ப் பயத்தையும் நாம் கிளப்ப மாட்டோம். மோனசைட் மணலில் கதிர்வீச்சு உண்டு. கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் ஜனங்களைப் பல வருஷம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இயற்கையாய் அந்த மண்ணிலுள்ள கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகப்பட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லிற்று. ஆகவே, மண்ணில் நடந்தாலே சாவான் என்பதும் மூடநம்பிக்கை. பிடி மண்ணால் பிழைப்பான் என்பதும் மூடநம்பிக்கை. ஆனால் ஆலைக்குள் அந்தத் தூளை நாள் முழுவதும் சுவாசிக்கின்றவன் நிலைமை வேறு. அவனை அளந்து பார்க்க வேண்டும். அளந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆதலால் நாம் கேட்பவை நாலே விஷயங்கள். ஒன்று, எந்த இடத்தில் தோண்டினாலும் அந்த ஊர் ஜனங்களைக் கேட்காமல் தோண்டக்கூடாது. இரண்டு, தோண்டினால் ஊற்றும் தருவையும் கிணறும் என்ன ஆகும் என்பதை முன்னதாகவே தமிழில் எழுதி ஊரில் வைக்க வேண்டும். மூன்று, கனிமத்தில் வருகின்ற பணத்தில் ஒரு பங்கு அந்த ஜில்லா ஜனங்களுக்கே போக வேண்டுமென்று 2015-ல் சட்டம் திருத்தி ஜில்லா கனிம நிதி என்று ஏற்படுத்தியிருக்கின்றார்கள். அதன் கணக்கைக் கிராம சபையில் படித்துக்காட்ட வேண்டும். நான்கு, மண்ணை மாத்திரம் வெளியூருக்கு அனுப்பாமல், அதிலிருந்து செய்கின்ற பொருளுக்கு வேண்டிய ஆலையையும் படிப்பையும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவன் ஏன் ஒரகடத்துக்கு ஓடிவந்து ஒப்பந்தக் கூலியாய் நிற்கின்றான்?

இவற்றைக் கேட்க வேண்டியது தேரிக்காட்டான் மாத்திரமல்ல. நீங்களும் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து ஏரியில் சவுடு மண் எடுக்கின்ற லாரியையும், உங்கள் பக்கத்து மலையை உடைக்கின்ற கல் குவாரியையும் நிறுத்திச் சீட்டு எங்கே என்று கேட்கின்றவன் எவனோ, அவனே தேரிக்காட்டானுக்கும் துணையாக நிற்கக்கூடியவன். தகவல் கேட்கும் சட்டம் 2005 முதல் இருக்கின்றது. பத்து ரூபாய் செலவில் ஒரு மனு எழுதலாம். உண்டியலில் பத்து ரூபாய் போட்டால் பதில் வராது. மனுவில் போட்டால் பதில் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லையென்று மேலே கேட்கலாம்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போகின்ற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. போங்கள், தாய் தகப்பனைப் பாருங்கள், கருப்பட்டி வாங்கி வாருங்கள். பிடி மண் எடுக்கத்தான் வேண்டுமென்றால் எடுங்கள். ஆனால் அதை மஞ்சள் துணியில் முடிந்து மாடத்தில் வைக்காதீர்கள். ஒரு காகிதத்தில் கொட்டிக் காந்தத்தை விட்டு இழுத்து உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இது என்ன, இதன் விலை என்ன, இது யாருடையது என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மூன்று கேள்வியையும் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தக் கள்ளனும் ஏமாற்ற முடியாது.